சோனி முதல் முயற்சியிலேயே நிண்டெண்டோவையும் சேகாவையும் முந்தியது எப்படி?

கேள்வி இதுதான்: 1994-இல் கேம் கன்சோல் தொழிலுக்கே புதிதாக வந்த சோனி, அதில் பழம் தின்று கொட்டை போட்ட நிண்டெண்டோவையும் சேகாவையும் ஒரே தலைமுறையில் பின்னுக்குத் தள்ளியதே, அது எப்படி? அதன் கன்சோலான பிளேஸ்டேஷன் தொழில்நுட்பத்தில் அவ்வளவு உசத்தியா?

சுருக்கமான பதில்: அவ்வளவு ஒன்றும் உசத்தி இல்லை. நல்ல எந்திரம்தான், சந்தேகமில்லை. ஆனால் இரண்டு வருடம் கழித்து வந்த நிண்டெண்டோ 64 அதைவிட வேகமானது. சேகாவின் கன்சோலான சாட்டர்னில் அதைவிட அதிகச் சிப்புகள் இருந்தன. சோனியின் பெரிய புதுமை கேம் செய்கிறவர்களோடும் கேம் விற்கிறவர்களோடும் அது போட்டுக்கொண்ட கணக்குவழக்கில்தான் இருக்கிறது. இனி விரிவான பதில்.

முதலில் நிண்டெண்டோவின் ராஜ்ஜியம் எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும். 1983-இல் அமெரிக்காவில் வீடியோ கேம் சந்தை படுத்துவிட்டது. அடாரி 2600 என்ற கன்சோலுக்கு யார் வேண்டுமானாலும் கேம் செய்து விற்கலாம் என்ற நிலை. குப்பையும் கூளமுமாகக் கேம்கள் குவிந்தன. கடைக்காரர்கள் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அதைப் பார்த்துப் பாடம் படித்த நிண்டெண்டோ, 1985-இல் அமெரிக்காவுக்குள் நுழையும்போது கன்சோலுக்குள் ஒரு பூட்டுச் சிப்பை வைத்தது. அதற்கு இணையான சிப் இல்லாத கார்ட்ரிட்ஜ் (கேம் அடங்கிய கேசட்) ஓடாது. அந்தச் சிப் நிண்டெண்டோவிடம்தான் கிடைக்கும். ஆகவே கேம் வெளியிட வேண்டுமென்றால் நிண்டெண்டோவின் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் வாங்கியவர் அமெரிக்காவில் வருடத்துக்கு ஐந்து கேம்களுக்கு மேல் வெளியிடக் கூடாது. கார்ட்ரிட்ஜை நிண்டெண்டோதான் தயாரித்துத் தரும். பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். விற்காமல் கிடந்தால் அது உங்கள் தலைவலி.

(நம் ஊரில் தொண்ணூறுகளில் மஞ்சள் நிறக் கேசட் போட்டு விளையாடிய பெட்டிகள் பெரும்பாலும் நிண்டெண்டோவின் ஜப்பானியக் கன்சோலான ஃபேமிகாமின் நகல்கள். அந்தப் பூட்டுச் சிப் ஃபேமிகாமில் கிடையாது. அமெரிக்காவுக்குப் போன பெட்டியில்தான் சேர்த்தார்கள்.)

இதில் கேம் கம்பெனிகளை உண்மையில் வதைத்தது லைசென்ஸ் கட்டணம்கூட அல்ல, கார்ட்ரிட்ஜ்தான். ஒரு கார்ட்ரிட்ஜ் என்பது சர்க்யூட் போர்டில் நினைவகச் சிப்புகளைப் பொருத்திச் செய்கிற பொருள். ஆர்டர் கொடுத்துக் கையில் வர வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். கிறிஸ்துமஸ் விற்பனைக்குக் கோடையிலேயே எண்ணிக்கையைச் சொல்லிப் பணம் கட்டியாக வேண்டும். ஒரு லட்சம் ஆர்டர் கொடுத்து முப்பதாயிரம் விற்றால் கம்பெனி முழுகிப் போகும். முப்பதாயிரம் ஆர்டர் கொடுத்து ஒரு லட்சம் பேர் கேட்டால், அடுத்த சரக்கு வருவதற்குள் பண்டிகை முடிந்திருக்கும். சூதாட்டம்தான். இந்தப் பயத்தில் எல்லோரும் ஏற்கெனவே ஓடிய கேமின் அடுத்த பாகத்தையே செய்தார்கள். புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கத் துணிச்சல் வரவில்லை. விலையும் ஏறியது. ஜப்பானில், ஃபேமிகாமுக்கு அடுத்து வந்த சூப்பர் ஃபேமிகாமின் கேம்கள் 10,000 யென்னைத் தொட்டன.

சேகா இந்த ராஜ்ஜியத்தை உலுக்கியது உண்மை. 1988-இல் ஜப்பானில் மெகா டிரைவ் என்ற கன்சோலை விட்டது. அடுத்த வருடம் அதுவே ஜெனசிஸ் என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போனது. டாம் கலின்ஸ்கே அமெரிக்கப் பிரிவின் தலைவராக வந்ததும் கன்சோல் விலையைக் குறைத்தார். 1991-இல் சோனிக் என்ற நீல முள்ளெலியின் கேமைப் பெட்டியோடு சேர்த்தே கொடுத்தார். விளம்பரத்தில் நிண்டெண்டோவைப் பேர் சொல்லியே சீண்டினார்கள். அமெரிக்காவில் சில வருடங்கள் இரண்டும் தோளுக்குத் தோள் நின்றன. ஆனால் சேகாவும் கார்ட்ரிட்ஜ் வியாபாரிதான். கேம் கம்பெனிகளுக்குப் போய்ச் சேர இன்னொரு வாசல் கிடைத்ததே தவிர, அந்தச் சூதாட்டம் அப்படியே இருந்தது.

அப்புறம்தான் சோனி. இந்தக் கதையைப் பலரும் பழிவாங்கும் படலமாகச் சொல்வார்கள். அதில் விஷயம் இருக்கிறது. சோனியில் பொறியாளராக இருந்த கென் குடராகி, சூப்பர் நிண்டெண்டோவின் (சூப்பர் ஃபேமிகாமின் அமெரிக்கப் பெயர்) ஒலிச் சிப்பை வடிவமைத்தவர். அந்த உறவில் 1988-இல் இரு கம்பெனிகளும் ஒப்பந்தம் போட்டன: சூப்பர் நிண்டெண்டோவுக்கு ஒரு சிடி டிரைவ், அதோடு இரண்டும் சேர்ந்த ஒரு சோனி கன்சோல். 1991 ஜூனில் சிகாகோவில் நடந்த நுகர்பொருள் மின்னணுக் கண்காட்சியில் சோனி இதைப் பெருமையாக அறிவித்தது. மறுநாளே நிண்டெண்டோ அதே கண்காட்சியில் ஏறி, நாங்கள் பிலிப்ஸோடு சேர்ந்து சிடி செய்யப்போகிறோம் என்றது. ஒப்பந்தப்படி சிடி கேம்களின் லைசென்ஸ் அதிகாரம் சோனி கைக்குப் போய்விடும் என்று நிண்டெண்டோவின் தலைவர் ஹிரோஷி யமவுச்சி தாமதமாகப் புரிந்துகொண்டதுதான் காரணம். ஊரறிய முகத்தில் கரி. சோனியின் தலைவர் நோரியோ ஓகாவுக்கு வந்த கோபத்தைக் குடராகி சரியாகப் பயன்படுத்திக்கொண்டார். மேலதிகாரிகள் பலர் 'பொம்மை வியாபாரம் நமக்கு எதற்கு' என்று எதிர்த்தும், தனியாகக் கன்சோல் செய்ய 1992-இல் அனுமதி கிடைத்தது.

ஆனால் கோபம் ஒரு திட்டத்தைத் தொடங்கி வைக்கும், அவ்வளவுதான். 10 கோடிப் பெட்டிகளை விற்றுக் கொடுக்காது. அந்தக் காலத்தில் கோபமும் பணமும் வைத்திருந்த கம்பெனிகள் வேறும் இருந்தன. 3டிஓ வந்தது, அடாரி ஜாகுவார் வந்தது, பிலிப்ஸின் சிடி-ஐ வந்தது. இன்று அவற்றைச் சேகரிப்பாளர்கள்தான் நினைவு வைத்திருக்கிறார்கள்.

சோனி வேறு என்ன செய்தது? 1993 நவம்பரில் தொடங்கிய சோனி கம்ப்யூட்டர் என்டர்டெயின்மென்ட், சோனியும் சோனி மியூசிக்கும் சேர்ந்து போட்ட கம்பெனி. என்னைப் பொறுத்தவரை இதுதான் மொத்தக் கதையின் அச்சாணி. இசைத்தட்டு விற்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: முதலில் கொஞ்சம் அடித்துக் கடைக்கு அனுப்புவார்கள்; ஓடினால் மறுபடி அடிப்பார்கள். சிடி அடிக்கச் செலவு மிகக் குறைவு. தீர்ந்த சரக்கைச் சில நாட்களிலேயே மறுபடி கடைக்கு அனுப்பிவிடலாம். சிடியைக் கண்டுபிடித்த இருவரில் சோனி ஒருவர், தொழிற்சாலைகளும் சொந்தம். அமெரிக்காவின் முதல் சிடி தொழிற்சாலையையே இண்டியானாவின் டெர் ஹோட் நகரில் 1984-இல் திறந்தவர்கள். இந்தப் பழக்கத்தை அப்படியே கேமுக்குக் கொண்டுவந்தார்கள். ஜப்பானில் நிண்டெண்டோ 'ஷோஷின்காய்' என்ற மொத்த வியாபாரிகள் சங்கம் வழியாகச் சரக்கை அனுப்பும். சோனி நேராகச் சில்லறைக் கடைக்கே போனது. பிளேஸ்டேஷன் கேம் 5,800 யென்னுக்குக் கிடைத்தது. அதற்குள் ராயல்டி, அச்சுக் கூலி எல்லாம் அடங்கியும் கேம் செய்தவருக்கு நல்ல பங்கு மிஞ்சியது.

இதன் விளைவு கேம்களிலேயே தெரியும். பாட்டுக்குத் தாளம் தட்டும் நாய் போன்ற விபரீதக் கற்பனைகளைக் கார்ட்ரிட்ஜில் போட எந்தக் கம்பெனியும் துணிந்திருக்காது. சிடியில் தைரியமாகப் போட்டார்கள். தோற்றால் நஷ்டம் தாங்கக்கூடியது.

இரண்டாவது வேலை, புரோகிராமர்களின் வாழ்க்கையைச் சுலபமாக்கியது. சோனிக்கு அப்போது சொல்லிக்கொள்ளும்படி சொந்தமாகக் கேம் இல்லை. அந்தப் பலவீனமே உதவியது: வெளியாட்களைத் தாங்கிப் பிடிப்பதைத் தவிர வழியில்லை. அதுவரை கன்சோலுக்கு எழுதுவது என்றால் அசெம்பிளி மொழியில் சிப்போடு மல்லுக்கட்டுவது. சோனி சி மொழியில் எழுதத் தயாராக லைப்ரரிகளை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகளைக் கொடுத்தது. 1993-இல் வாங்கிய பிரிட்டிஷ் கம்பெனியான சிக்னோசிஸ் வழியாக, சாதாரண பிசியில் செருகி வேலை செய்யும் டெவலப்மென்ட் கிட் வந்தது. நிண்டெண்டோவின் லைசென்ஸ் கெடுபிடியில் ஏற்கெனவே கசந்திருந்த கேம் கம்பெனியான நாம்கோ, முதல் ஆளாக வந்து ஒட்டிக்கொண்டது. பிளேஸ்டேஷன் வன்பொருளை வைத்தே ஆர்கேட் எந்திரம் (கடையில் காசு போட்டு விளையாடுவது) செய்து அதில் டெக்கன் என்ற சண்டை கேமை ஓட்டியது. ரிட்ஜ் ரேசர் என்ற கார் பந்தய கேமை 1994 டிசம்பர் 3 அன்று கன்சோலோடு சேர்த்தே வெளியிட்டது.

ரிட்ஜ் ரேசரில் ஒரு சின்ன விஷயம் இந்தக் காலத்தின் மனநிலையை நன்றாகக் காட்டும். சிடியின் பெரிய குறை, லோடிங்குக்குக் காத்திருப்பது. கார்ட்ரிட்ஜ் சொருகியவுடன் ஓடும். சிடியை எந்திரம் மெதுவாகப் படிக்கும். நாம்கோ என்ன செய்தது என்றால், கேம் ஏறும் அந்த நேரத்தில் விளையாடத் தன் பழைய கேமான கேலக்சியனைக் கொடுத்தது. கேம் மொத்தமாக நினைவகத்தில் ஏறிவிட்டதால், அப்புறம் சிடியை வெளியே எடுத்துவிட்டு உங்கள் சொந்தப் பாட்டு சிடியைப் போட்டு, அதைக் கேட்டுக்கொண்டே கார் ஓட்டலாம். குறையை இப்படி விளையாட்டாக மாற்றிய நாம்கோ, லோடிங்கின்போது கேம் கொடுக்கும் யோசனைக்கு அமெரிக்காவில் காப்புரிமையும் வாங்கிவிட்டது. அது 2015 வரை நீடித்ததால் மற்றவர்கள் இருபது வருடம் வெறும் லோடிங் பட்டையை ஓடவிட்டுக்கொண்டிருந்தார்கள். புதுமைக்கும் போட்டிக்கும் உள்ள உறவு எப்போதும் அழகாக இருப்பதில்லை.

எந்திரத்தைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிடலாம். பிளேஸ்டேஷனில் ஒரு சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று மெல்லத் திரும்பிப் பாருங்கள். செங்கல் கோடுகள் வளையும், நெளியும், விளிம்புகள் நடுங்கும். புள்ளிகளின் இடத்தை அது முழு எண்களாகவே கணக்கிட்டது. தூரத்துக்கு ஏற்றபடி படத்தைத் திருத்தி ஒட்டும் வசதியும் இல்லை. நெளிவை மறைக்கத் தரையையும் சுவரையும் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டினார்கள். நிண்டெண்டோ 64-இல் இந்தத் தொல்லை கிடையாது. சிலிக்கான் கிராபிக்ஸ் வடிவமைத்த அதன் செயலி 93.75 மெகாஹெர்ட்ஸ், பிளேஸ்டேஷனுடையது 34-ஐக்கூட எட்டவில்லை. தாளில் பார்த்தால் போட்டியே இல்லை.

சேகா சாட்டர்ன் வேறு ரகம். 1993-இல் ஆர்கேடில் விர்ச்சுவா ஃபைட்டர் என்ற முப்பரிமாணச் சண்டை கேமைக் கொண்டுவந்து எல்லோரையும் வாய்பிளக்க வைத்ததே சேகாதான். அதைப் பார்த்துத்தான் முப்பரிமாணத்தில் முழுதாக இறங்குவது என்று சோனி தரப்பு உறுதிசெய்தது. ஆனால் வீட்டுக்கு வந்த சாட்டர்னின் பலம் இருபரிமாணப் படங்களில் இருந்தது. இரண்டு ஹிட்டாச்சி செயலிகள், இரண்டு படச் சிப்புகள், இன்னும் சில. இரண்டு செயலிகளும் நினைவகத்துக்குப் போக ஒரே வழிதான். ஒரே அடுப்பில் இரண்டு சமையல்காரர்கள் நின்ற கதை. இரண்டையும் முழுசாக வேலை வாங்கத் தெரிந்தவர்கள் சேகாவுக்குள்ளேயே சிலர்தான். விர்ச்சுவா ஃபைட்டரை உருவாக்கிய யூ சுசுகியே, இரண்டுக்குப் பதில் வேகமான ஒன்று இருந்தால் நன்றாயிருக்கும் என்று சொன்னவர். உலகம் முக்கோணங்களால் உருவங்களைக் கட்டியபோது சாட்டர்ன் நாற்கோணங்களால் கட்டியது. பிளேஸ்டேஷனுக்குச் செய்த கேமை இதற்கு மாற்றுவது தண்டனை.

அதற்கு மேல் சேகா தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டது. 1995 மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் முதல் இ3 வீடியோ கேம் கண்காட்சி. சாட்டர்ன் செப்டம்பர் 2-இல் வரும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். மேடையேறிய கலின்ஸ்கே, இன்றே கடைகளுக்குப் போயாகிவிட்டது, விலை 399 டாலர் என்று அறிவித்தார். சோனியை முந்த ஜப்பான் தலைமையகம் கொடுத்த நெருக்கடி அது. அவருக்கே அதில் விருப்பமில்லை. கையில் இருந்தது சுமார் 30,000 பெட்டிகள். நான்கு கடைத் தொடர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். விடுபட்ட கேபி டாய்ஸ் என்ற கடைத் தொடர், இனி சாட்டர்னே விற்க மாட்டேன் என்று ஒதுக்கிவிட்டது. செப்டம்பரைக் குறிவைத்துக் கேம் செய்துகொண்டிருந்த வெளிக் கம்பெனிகள் நடுத்தெருவில் நின்றன. அன்றே சோனியின் முறை வந்தபோது ஸ்டீவ் ரேஸ் மேடைக்கு வந்தார். '299' என்று மட்டும் சொன்னார். இறங்கிப் போய்விட்டார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கன்சோல் போட்டியின் வரலாற்றில் இதைவிடச் சுருக்கமான பேச்சு கிடையாது.

நிண்டெண்டோ 1996 ஜூனில்தான் வந்தது, அதுவும் கார்ட்ரிட்ஜோடு. ஒரு சிடி 650 எம்பி. நிண்டெண்டோ 64-இன் மிகப் பெரிய கார்ட்ரிட்ஜே 64 எம்பி. பெரும்பாலானவை அதில் பாதிகூட இல்லை. ஃபைனல் ஃபேன்டசி வரிசையை அதுவரை நிண்டெண்டோவிலேயே வெளியிட்டு வந்த ஸ்கொயர், ஏழாவது பாகத்தைப் பிளேஸ்டேஷனுக்குக் கொண்டுபோவதாக 1996 தொடக்கத்தில் அறிவித்தது. 1997 ஜனவரியில் வந்த அந்த கேம் மூன்று சிடிகள். அதைக் கார்ட்ரிட்ஜில் போட நினைத்தாலே சிரிப்பு வரும். ஜப்பானில் அந்த அறிவிப்போடு பாதிச் சண்டை முடிந்துவிட்டது என்பேன்.

சிரமப்பட்டால் முடியாதா என்றால், ஒரு கம்பெனி முடித்துக் காட்டியது. இரண்டு சிடிகளில் வந்த ரெசிடென்ட் ஈவில் 2-ஐ ஏஞ்சல் ஸ்டூடியோஸ் 1999-இல் ஒரே 64 எம்பி கார்ட்ரிட்ஜுக்குள் அடைத்தது. இடையில் வரும் திரைப்படக் காட்சிகளைக்கூட விடவில்லை. நசுக்கிச் சுருக்கி உள்ளே தள்ளினார்கள். அசுர சாதனை. ஆனால் அசுர சாதனை செய்தால்தான் சாதாரண கேம் வெளிவரும் என்றால் அந்த மேடைக்கு எத்தனை பேர் வருவார்கள்? நிண்டெண்டோ 64-க்கு மொத்தமே 400-க்கும் குறைவான கேம்கள். பிளேஸ்டேஷனுக்கு ஆயிரக்கணக்கில்.

நிண்டெண்டோவை முட்டாள் என்று சொல்ல வரவில்லை. கார்ட்ரிட்ஜில் லோடிங் இல்லை. மாரியோ 64-இல் ஒரு உலகத்திலிருந்து இன்னொன்றுக்குள் குதித்தால் உடனே நிற்பீர்கள். விட்ட இடத்தைக் கார்ட்ரிட்ஜிலேயே சேமிக்கலாம்; சோனிக்காரர்கள் தனியாக மெமரி கார்டு வாங்க வேண்டும். நகலெடுப்பதும் கஷ்டம். பிளேஸ்டேஷன் சிடியிலும் பூட்டு இருந்தது, ஆனால் பூட்டை ஏமாற்றும் ஒரு சின்ன மாட் சிப்பைக் கன்சோலுக்குள் பற்றவைத்தால் திறந்துவிடும். சென்னை பர்மா பஜாரிலும் அதுபோன்ற உலகச் சந்தைகளிலும் விற்ற நகல் சிடிகளால்தான் பாதி உலகத்துக்குப் பிளேஸ்டேஷன் அறிமுகமானது. நிண்டெண்டோ பயந்ததில் நியாயம் இருந்தது. பணத்திலும் அது நொடித்துப் போகவில்லை. கையில் வைத்து விளையாடும் கேம் பாய் இருந்தது, 1996-இல் போகிமான் வந்தது. 10 கோடிக்கு மேல் பிளேஸ்டேஷன், சுமார் 3.3 கோடி நிண்டெண்டோ 64, 90 லட்சம் சொச்சம் சாட்டர்ன் என்ற கணக்கை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

தோற்றவர்களின் யோசனைகளும் வீணாகவில்லை. கட்டைவிரலால் அசைக்கும் அனலாக் குச்சியைப் பரவலாக்கியது நிண்டெண்டோ 64. 1997-இல் கைக்குள் அதிரும் ரம்பிள் பேக்கும் அதற்கு வந்தது. அதே வருடக் கடைசியில் சோனி இரண்டு குச்சியும் அதிர்வும் சேர்த்து டூயல்ஷாக் செய்தது. இன்று வரை கன்ட்ரோலர் என்றால் அந்த உருவம்தான். அழுத்தத்துக்கு ஏற்ப வேலை செய்யும் டிரிக்கர் சாட்டர்னின் ஒரு கன்ட்ரோலரில் வந்து, சேகாவின் அடுத்த கன்சோலான டிரீம்காஸ்ட் வழியாக மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸுக்குப் போனது. டிரீம்காஸ்டே பரிதாபம். 1998-லேயே பெட்டிக்குள் மோடம் வைத்து இணையத்தில் விளையாட விட்ட கன்சோல் அது. ஆனால் சாட்டர்னில் சூடுபட்ட கடைக்காரர்களும் கேம் கம்பெனிகளும் சேகாவை நம்பத் தயங்கினார்கள். பெரிய கேம் கம்பெனியான இஏ ஒரு கேம்கூடத் தரவில்லை. டிவிடி ஓட்டும் பிளேஸ்டேஷன் 2 வரப்போகிறது என்று வாடிக்கையாளரும் காத்திருந்தார். 2001 ஜனவரியில் சேகா கன்சோல் தொழிலையே விட்டது. அதே வருடக் கடைசியில் சோனிக் நிண்டெண்டோவின் கன்சோலான கேம்கியூபில் ஓடிக்கொண்டிருந்தது.

சோனியின் சூத்திரம் சோனிக்கே மறந்துபோனது ஒரு வேடிக்கை. 2006-இல் வந்த பிளேஸ்டேஷன் 3-க்கு 'செல்' என்ற செயலி. கோட்பாட்டளவில் ராட்சசன், எழுதுகிறவர்களுக்கு நரகம். விலை 499, 599 டாலர். சாட்டர்னின் அதே நோய். ஒரு வருடம் முன்பே வந்த எக்ஸ்பாக்ஸ் 360-க்கு எழுதுவது எளிதாக இருந்ததால், பல வெளிக் கம்பெனிக் கேம்கள் அதில்தான் நன்றாக ஓடின. 2006-இலேயே நிண்டெண்டோ, பழைய கேம்கியூப் வன்பொருளைக் கொஞ்சம் முடுக்கி, கையை வீசினால் புரிந்துகொள்ளும் ரிமோட்டைச் சேர்த்து, 249 டாலருக்கு வீ என்ற கன்சோலை விற்றது. 10 கோடியைத் தாண்டியது. சோனி விழித்துக்கொண்டு, அடுத்த பெட்டியை வடிவமைக்க மார்க் செர்னி என்ற கேம் புரோகிராமரையே நியமித்தது. அவர் முதலில் கேம் கம்பெனிகளிடம் போய் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். 2013-இல் பிளேஸ்டேஷன் 4 வந்தபோது விலை 399. எக்ஸ்பாக்ஸ் ஒன் 499. மறுபடியும் அதே நூறு டாலர்.

இன்றைக்குப் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் இரண்டுக்குள்ளும் இருப்பது ஏஎம்டி என்ற சிப் கம்பெனியின் ஒரே குடும்பத்துச் சிப்புகள். எது வேகம் என்ற சண்டைக்கு அதிக அர்த்தமில்லை. மைக்ரோசாஃப்ட் தன் கேம்களில் சிலவற்றைப் பிளேஸ்டேஷனிலேயே விற்கிறது. வன்பொருளில் துணிந்து வேறு மாதிரி செய்து பார்ப்பது நிண்டெண்டோ ஒன்றுதான். அதிலும், கன்ட்ரோலரிலேயே ஒரு திரை வைத்து வந்த வீ யூ 1.4 கோடியைக்கூட எட்டாமல் படுத்தது. அதே யோசனையைத் திருத்தி, டிவியிலும் கையிலும் விளையாடும்படி 2017-இல் விட்ட ஸ்விட்ச் 15 கோடியைக் கடந்தது. ஸ்விட்சும் கார்ட்ரிட்ஜ்தான். ஆனால் அது ஃபிளாஷ் நினைவக யுகத்துக் கார்ட்ரிட்ஜ். 32 ஜிபி வரை கொள்ளும், கடையில் தீர்ந்தாலும் இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். அந்தக் கோடைக்கால ஆர்டர் பயம் இப்போது கேம் கம்பெனிகளுக்குப் பெரிதாக இல்லை. ஆன்லைன் கடையின் முப்பது சதவீதக் கமிஷனைப் பற்றித்தான் இப்போது புலம்புகிறார்கள்.